எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு மருந்தல்ல

"இலை மஞ்சளானால் மக்னீசியம் குறைவு, ஒரு கரண்டி எப்சம் உப்பு போட்டால் சரியாகிவிடும்" என்று, தொட்டிச் செம்பருத்தியின் இலை மஞ்சளாகிறதே என்று படம் போட்டுக் கேட்ட நாகர்கோவில் அக்காவுக்கு ஒருவர் பதில் எழுதியிருப்பது தவறு. எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மக்னீசியம் குறைந்தால் அடி இலையில்தான் தெரியும். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுக்கும். அடி இலை நரம்போடு சேர்ந்து முழுசாக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அக்கா போட்ட படத்தில் அடி இலையெல்லாம் நல்ல பச்சை. கொழுந்து மட்டும் வெளிறி, நரம்பு பச்சைக் கோடாகத் தெரிகிறது. அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். எப்சம் உப்பில் இருப்பது மக்னீசியமும் கந்தகமும், இரும்பு கிடையாது.

அப்புறம், நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. தொட்டி நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, மண்ணில் இருக்கிற சத்தையும் வேரால் எடுக்க முடியாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் உரம் எதுவும் வேண்டாம், அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி மண்ணில் கலக்கும் தென்னை நார்க்கழிவு கழுவாததாக இருந்தால் அதில் ஏற்கெனவே உப்பு இருக்கும். அதன்மேல் இன்னும் உப்பைக் கொட்டினால் இலை நுனி கருகும். அக்கா, தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் புதுக் கொழுந்து வெளிறியே வந்தால் இரும்புக் கீலேட் (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்புச்சத்து உரம்) வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து ஊற்றுங்கள்.