கார் லைசென்ஸ் இருந்தால் போதுமா, விமானம் ஓட்ட?

"அமெரிக்காவில் லைட் ஸ்போர்ட் விமானம் ஓட்ட மருத்துவச் சான்றிதழ் வேண்டாம். முன்பு கேட்டு நிராகரிக்கப்பட்டவர்கள்கூட கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு பறக்கலாம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. முன்பாதி ஓரளவு சரி. பின்பாதி தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

2004-இல் வந்த ஸ்போர்ட் பைலட் (லைட் ஸ்போர்ட் எனப்படும் சிறிய, எடை குறைந்த விமானங்களை ஓட்டுவதற்கான பைலட் உரிமம்) விதிப்படி, செல்லுபடியாகும் அமெரிக்க ஓட்டுநர் உரிமம் மருத்துவச் சான்றிதழுக்கு ஈடாகும். ஆனால் கடைசியாக விண்ணப்பித்த சான்றிதழை விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. மறுத்திருந்தாலோ, கடைசியாகப் பெற்றது ரத்தாகியோ நிறுத்தப்பட்டோ இருந்தாலோ இந்தச் சலுகை கிடையாது. சான்றிதழ் வெறுமனே காலாவதியாகியிருந்தால் பிரச்சினை இல்லை. அதாவது, விண்ணப்பிக்கவே செய்யாதவர் பறக்கலாம், விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் பறக்க முடியாது! விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி. மறுக்கப்பட்டவர் மீண்டும் விண்ணப்பித்து ஒருமுறை சான்றிதழ் வாங்கிவிட்டால் வழி திறக்கும்.

சரி, யாரும் மறுக்கவில்லை, லைசென்ஸும் இருக்கிறது. அப்போதும், பாதுகாப்பாக ஓட்டவிடாத உடல்நலக் குறை தனக்கு இருப்பது தெரிந்தால் பறக்கக் கூடாது. லைசென்ஸில் 'கண்ணாடி அணிய வேண்டும்' என்றிருந்தால் அது வானத்திலும் பொருந்தும்.

2025 அக்டோபரில் ஸ்போர்ட் பைலட் ஓட்டக்கூடிய விமானங்களின் வரம்பு பெரிதானது; நான்கு இருக்கை விமானங்களும் உள்ளே வந்தன. பயணி மட்டும் இன்னும் ஒருவர்தான். இரவில் பறக்க வேண்டுமென்றால் கூடுதல் பயிற்சி தேவை, கார் லைசென்ஸ் மட்டும் போதாது.

இன்ஜின் இல்லாமல் மிதந்து பறக்கும் கிளைடருக்கும் பலூனுக்கும் கார் லைசென்ஸ்கூடக் கேட்பதில்லை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.