தஞ்சாவூர்ச் சுவரும் 21 படங்களும்

2015-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் லின்னேயஸ் டிரைப் எடுத்த புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். வாஷிங்டன், நியூயார்க் எல்லாம் முடிந்து அங்கே வந்திருந்தது. டிரைப் மதராஸ் பட்டாளத்தில் கேப்டன். மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, சேலம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சில மாதங்கள் சுற்றியவர். நம்முடைய பெரிய கோயில்களைக் கேமராவில் பார்த்த முதல் சிலரில் ஒருவர்.

எனக்கு ஊர் மதுரை. அதனால் கண் முதலில் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தைத்தான் தேடியது. கிடைத்தது. தூண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது, அவ்வளவு அழகு. ஆனால் ஆள் இல்லை. நான் அறிந்த புது மண்டபம் தையல் மெஷின் சத்தமும் வளையல் கடையும் பித்தளைப் பாத்திரமும் பழைய புத்தகமும் நிறைந்தது. சித்திரைத் திருவிழா வந்தால் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்கள் உடை தைக்க அங்கேதான் போவார்கள். அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதெல்லாம் பின்னால் நடந்த கதை. அன்று லண்டனில் அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது, விடிவதற்கு முன்பே தெரியாமல் ஊருக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது.

இதற்கு டிரைப்பைக் குறை சொல்ல முடியாது. மெழுகு பூசிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். ஒரு படம் பதியவே நிமிஷக்கணக்கில் ஆகும். நடந்துபோகிறவர் பதிய மாட்டார், அசையாமல் நின்றவர்தான் பதிவார். வானம்கூட வெளுத்துப்போய்த்தான் வரும் என்பதால், நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் வரைந்தார், மரத்துக்கு இலை சேர்த்தார். காரணம் எனக்குப் புரிகிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லை. கோயில் என்றால் கூட்டம், எண்ணெய்ப் பிசுக்கு, மணிச்சத்தம், வரிசையில் அழும் குழந்தை. இதெல்லாம் இல்லாத கோயிலை வெறும் கட்டடமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு நம் பக்தியில் பாதிகூடத் தெரியாது என்பது என் எண்ணம்.

இதே மதுரைத் தொடரில் கோயில் நகைகளின் படம் ஒன்றும் உண்டு. சாமிக்குச் சாத்த வேண்டியவற்றைக் கேமராவுக்காக வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். அலங்காரத்தோடு அம்மனைப் பார்த்தே பழகிய எனக்கு, அம்மன் இல்லாமல் நகையை மட்டும் பார்க்க ஒருமாதிரி இருந்தது. சிப்பாய்க் கலகத்துக்கு அடுத்து வந்த 1858 எப்பேர்ப்பட்ட வருஷம் என்று நமக்குத் தெரியும். வேண்டாம் என்று அவரிடம் யாரால் சொல்லியிருக்க முடியும்?

சரி, நான் சொல்ல வந்தது தஞ்சாவூர்ப் படத்தைப் பற்றி. பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை டிரைப் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே பட்டையாக்கியிருக்கிறார். நீளம் கிட்டத்தட்ட 19 அடி. கண்காட்சியில் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தேன், திரும்பவும் நடந்தேன். பக்கத்தில் வந்தவர்கள் நேர்த்தியான கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்கோ நடுநடுவே எழுத்துகள் பிடிபட்டன. கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சொல்லும் சொல்லும் ஒட்டியே கிடக்கும், அதனால் வாய்விட்டு வாசித்தால்தான் கொஞ்சமாவது பிரியும். காவலர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வாசித்தேன்.

அந்த விமானத்துக் கல்லில்தான் ராஜராஜன் சொன்னது இருக்கிறது. நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று. 'மற்றும் குடுத்தார்' என்ற அந்த இரண்டு சொல் எனக்கு எப்போதும் பிடிக்கும். அரசன் கொடுத்ததும் அடுத்தவர் கொடுத்ததும் ஒரே விமானத்தில் ஏறியிருக்கின்றன. அதே கோயிலில் கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களின் கணக்கையும், அவரவர் எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். டிரைப்பின் கேமராவில் பதியாமல் போன ஜனம் எனக்கு இந்தக் கல்லில்தான் கிடைத்தது. அவர் கோயிலுக்குள் எடுத்தவற்றில் மனிதர்கள் நிறைந்த படம் எது என்று கேட்டால், ஒரு ஆள்கூடத் தெரியாத இந்தப் பட்டையைத்தான் காட்டுவேன்.

1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவிலியன், அரசு இருக்கும் நிதி நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று சொல்லிப் புகைப்பட வேலையையே நிறுத்திவிட்டார். டிரைப் 1902 வரை உயிரோடு இருந்தார், ஆனால் அதற்கப்புறம் அவர் எடுத்தது மிகக் குறைவு. தஞ்சைக் கல்வெட்டுகள் ஹூல்ச் என்ற கல்வெட்டு அறிஞர் கையால் அச்சில் வரத் தொடங்கவே 1890-கள் ஆகிவிட்டன.

என் ஆசை ஒன்றுதான். அந்த 19 அடிப் படத்தின் நல்ல நகல் ஒன்று தஞ்சாவூரில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அரண்மனைக் கலைக்கூடமோ கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அறையோ, எதுவானாலும் சரி. சின்னப் பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்ட வேண்டும். படத்துக்குக் கீழே அதே வரிகளை இன்றைய எழுத்தில், புள்ளி வைத்து, சொல் பிரித்து அச்சிட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அங்கே வாசித்துவிட்டு விமானத்தடிக்கு ஓடினால், அதே 'குடுத்த'வைக் கல்லில் தேடிப் பிடித்துவிடுவார்கள்.