அம்மாவுக்குச் சீரியல் பார்க்க ஓடிபி எதற்கு?

மஞ்சக்குப்பம் வீட்டில் கேபிளை நிறுத்திவிட்டு டிவியில் இணையம் வழியாக ஆப் ஓட்டும் ஸ்டிக்கைச் செருகினோம். செலவு குறையும் என்றார்கள். எங்கே குறைந்தது? கிரிக்கெட்டுக்கு ஒரு ஆப், சீரியலுக்கு ஒன்று, புதுப் படத்துக்கு இன்னொன்று, பிராட்பேண்ட் பில் தனி. 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கேபிளில் 100 சேனலுக்கு மாதம் 130 ரூபாயும் வரியும் என்று வைத்தபோதே பொருமியவர்கள் நாங்கள்!

சரி, காசை விடுங்கள். அம்மா படும் பாடுதான் தாங்கவில்லை. முன்பெல்லாம் ரிமோட்டில் நம்பரை அமுக்கினால் சீரியல் ஓடும். இப்போது யார் பார்ப்பது என்று கேட்கிறது, அப்புறம் தானாக லாக்அவுட் ஆகிறது. ஓடிபியோ சென்னையில் இருக்கும் தம்பி போனுக்குப் போகிறது. அவன் மீட்டிங்கில் இருந்தால் அன்றைக்கு அம்மாவுக்குச் சீரியல் கிடையாது. வயதானவர்கள் ஒரே பட்டனில் சேனல் பார்க்க வழி வையுங்கள் ஐயா, அது போதும்.