முட்டையை ஏலம் விடுவது யாருக்குக் கௌரவக் குறைவு?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசிக்கப்பட்ட அறிவிப்பைப் பற்றி எல்லோரும் பேசி ஓய்ந்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். ஆனால் நேற்று இரவு சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "முட்டைக்கும் பூசணிக்காய்க்கும் கூவிக்கொண்டிருந்த காலம் முடிந்தது, இனி அறுப்பின் பண்டிகை கௌரவமாக நடக்கும்" என்று எழுதினார். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வெளியூரில் இருப்பவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கும். வீட்டு விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் இந்த ஆண்டு ஏலம் கிடையாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகை. கியூஆர் கோடில் செலுத்தலாம். கூடுதலாகக் கொடுப்பவர்களின் பெயர் சபை வெளியிடும் மலரில் வரும், அதற்கும் மேலே கொடுப்பவர்களின் பெயர் பளிங்குக் கல்லில் வரும்.

கியூஆர் கோடு மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நானும் அதில்தான் காய்கறி வாங்குகிறேன். என் கேள்வி ஒன்றுதான். கையில் பணம் இல்லாதவர், ஆனால் கொல்லையில் ஒரு முருங்கை மரம் வைத்திருப்பவர், இனி எதைக் கொண்டுவருவார்? எங்கே வைப்பார்? அவருக்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு அதற்குக் கௌரவம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை மேடையில் பேசுகிறவர்கள் மிஷனெரிகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். சரி, அந்த வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊரில் வாழவிடாமல் துரத்தப்பட்ட எளிய கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்காக 1830-இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். அது மக்களிடம் திரட்டிய பணம். ஊர்ச் சபைகளில் போதித்த உபதேசியார் இறந்தால் அவர் மனைவி தெருவில் நிற்கக் கூடாது என்று விதவைகளுக்கான நிதியும் அவர் காலத்திலேயே வந்தது. இன்னும் ஜூலை மாதம் பாளையங்கோட்டை நூற்றாண்டு மண்டபத்தில் ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கூட்டம் கூடுகிறதே, அங்கே போகிறவர்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

அடுத்து 1903. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்பதுதான் அதன் கொள்கை. நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு இங்கிருந்து ஆட்களை அனுப்பினார்கள். 1912-இல் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். நம் பணம் என்றார்களே, யாருடைய பணம்? அன்றைய நம் சபைகளில் எத்தனை பேர் பணக்காரர்கள்? பனை ஏறியவர்களும், பதநீர் காய்ச்சியவர்களும், தேரிச் செம்மணலில் காலைச் சுட்டுக்கொண்டு நடந்தவர்களும்தான் பெரும்பாலோர். அவர்களிடம் நோட்டு இல்லை. கருப்பட்டி இருந்தது, முட்டை இருந்தது, ஒரு பிடி அரிசி இருந்தது.

அந்தப் பிடி அரிசியைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மலரின் வரைவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்து அடுப்படி மூலையில் இருந்த தகர டப்பாவில் போடுவாள். வீட்டில் அரிசி நிறைய இருந்த நாளிலும் போடுவாள், கஞ்சிக்கே திண்டாடிய நாளிலும் போடுவாள். அன்றைக்குப் பிடி கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சாக்கோடு வருவார்கள். என் அம்மா அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக நடந்தவள். கோழி இட்ட முதல் முட்டையில் கரியால் சிலுவை போட்டுத் தனியே வைத்துவிடுவாள் ஆச்சி. நாங்கள் தொட்டால் கையில் அடி விழும். அது கோயிலுக்கு.

அறுப்பின் பண்டிகையன்று அந்த முட்டை ஏலத்துக்கு வரும். ஒரு தரம், இரண்டு தரம் என்று உபதேசியார் கூவுவார். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார், மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். இன்னொருவர் எடுப்பார். அவரும் திருப்பிக் கொடுப்பார். ஒரு முட்டை ஒரு மூட்டை நெல்லின் விலைக்குப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த ஆச்சியின் முகத்தை அன்று பார்த்தவர்கள் யாராவது, அது கௌரவக் குறைவான காரியம் என்று எழுதுவார்களா? தன் வாழ்நாளில் கையால் தொட்டிராத ஒரு தொகையை அவள் கர்த்தருக்குக் கொடுத்திருந்தாள். அவள் கொடுத்ததாகத்தான் ஊரே சொன்னது.

இப்போது சிலர் ஓடி வருவார்கள். "இயேசு தேவாலயத்தில் வியாபாரம் செய்தவர்களை விரட்டவில்லையா?" என்பார்கள். விரட்டினார். ஏழைகள் காணிக்கை கொண்டுவரும் இடத்தில் அவர்களைச் சுரண்டியவர்களை விரட்டினார். அதே தேவாலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு காசு போட்ட விதவையைச் சீடர்களுக்குக் காட்டியவரும் அவரே. குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வைத்திருந்தால் அந்த விதவையை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

"ஏலத்தில் பணக்காரர்கள் போட்டி போட்டுப் பெருமை தேடிக்கொண்டார்கள்" என்பது அடுத்தது. தேடிக்கொண்டார்கள்தான். இரண்டு குடும்பங்கள் ஒரு வாழைத்தாருக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெருமைக்குக்கூட ஓர் ஏழை கொண்டுவந்த வாழைத்தார் தேவைப்பட்டது. பளிங்குக் கல்லுக்கு அதுவும் தேவையில்லையே!

"இதெல்லாம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அறுப்பின் பண்டிகையை இன்றைய வடிவத்தில் 1843-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு குருவானவர் ஆரம்பித்து வைத்தார் என்பது உண்மை. இருக்கட்டும். நம் தர்ம சங்கம் அதற்கும் முந்தியது.

"காலம் மாறிவிட்டது, யார் வீட்டில் கோழி இருக்கிறது?" என்று கேட்பவர்கள் மிசோரமைப் பார்க்க வேண்டும். 1910-இல் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதே பிடி அரிசியைத் தொடங்கினார்கள். புஹ்ஃபாய் தாம் என்று பெயர். இன்றைக்கும் வேளாவேளைக்கு எடுத்து வைக்கிறார்கள். ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாய் சேருகிறது. அவர்களிடமும் கைபேசி இருக்கிறது. அவர்களுக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறது. அவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ள இன்னொன்றைத் தூக்கி எறியவில்லை.

சொல்ல வந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். சொல்லத்தான் செய்வேன். பணம் வந்து சேர்கிறதா என்று மட்டும் பார்த்தால் சபைக் கமிட்டியின் முடிவு சரிதான், ஏலத்தைவிட அதிகம் வரும். ஆனால் யார் கொடுக்கலாம் என்பதை அந்த முடிவு மாற்றிவிட்டது. அசனம் என்கிற சபை விருந்துக்கு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சோற்றுக்கான அரிசியில் தன் ஒரு பிடியும் இருக்கிறது என்று நினைத்துச் சாப்பிடுவதும், தொகை கட்ட முடியாதவள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுவதும் ஒன்றா?

இன்னொன்றும் கேட்கிறேன், இது பலருக்குக் கசக்கும். முடிவெடுத்த கூட்டத்தில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? பாளையங்கோட்டையின் முதல் ஆலயத்தை 1785-இல் கட்டியவர் குளோரிந்தா என்கிற ஒரு பிராமண விதவை. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்னும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். அதற்குப் பிறகு இத்தனை தலைமுறைப் பெண்கள் சாக்கு தூக்கியிருக்கிறார்கள். அவர்கள் தூக்கிய அரிசியில் எழும்பிய சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு, அவர்களைக் கேட்காமலேயே அவர்களுடைய வழக்கத்தை அசிங்கம் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலியில் படி ஏற முடியாது. அறிவிப்பைக் கேட்டுவிட்டு, "அப்போ நாங்க செஞ்சதெல்லாம்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

பெண்கள் சங்கத்தின் பழைய பிடி அரிசிக் கணக்கு நோட்டுகள் கோயில் அலமாரியில்தான் இருக்கின்றன. மலர்க்குழுவில் ஒருவராவது அவற்றைத் திறந்து பார்த்தாரா என்று அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கப்போகிறேன். அந்தப் பெயர்கள் மலரில் வரட்டும், ஏலத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். அதுவரை எங்கள் குடும்பத்தின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டாம்.