வைட்ஹால் ஆய்வு பற்றி ஒரு திருத்தம்

“ஏழைகள் சீக்கிரம் சாவது சிகரெட்டால்தான், லண்டன் வைட்ஹால் ஆய்வே அதைச் சொல்லிவிட்டது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வைட்ஹால் என்பது லண்டனில் அரசு அலுவலகங்கள் உள்ள பகுதி; ஆய்வு அரசு ஊழியர்களைப் பற்றியது. அந்த ஆய்வு சொன்னது கிட்டத்தட்ட நேர் எதிர்.

1967இல் தொடங்கிய முதல் ஆய்வில் சுமார் 18,000 பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள், எல்லோரும் ஆண்கள். கடைநிலையில் இருந்த, கடிதம் கொண்டுசெல்லும் ஊழியர்கள், வாயில்காப்போர் இதயநோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். கீழ்மட்டத்தில் புகைப்பவர்கள் அதிகம், சரி. ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. புகைக்காதவர்களிடமும் பதவி குறையக் குறைய இறப்பு கூடியது!

இன்னொன்றையும் கவனியுங்கள். இவர்கள் யாரும் வேலையில்லாதவர்கள் அல்ல. மாதச் சம்பளம், இலவச மருத்துவம் எல்லாம் உண்டு. அப்படியும் உச்சியில் இருப்பவரைவிட அடுத்த படியில் இருப்பவருக்கே ஆபத்து கூடுதல்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களும் உண்டு. தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று அது காட்டியது. தயவுசெய்து இந்த ஆய்வைக் காட்டி ஏழைகள்மேல் பழி போடாதீர்கள்.