தள்ளுவண்டி ஒன்று, கார் மூன்று

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, ஊரில் முகூர்த்த நாள். இரண்டும் ஒரே தேதியில் வந்தால் மேட்டுப்பாளையத்துக்காரன் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டார் மயில்சாமி. காரமடைப் பக்கத்திலிருந்து வாழை இலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்த அவருடைய டாடா ஏஸ், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேப்பமரத்துக்கு நேராக, ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகளின் நெரிசலில் மாட்டி நிற்கிறது. நிலையில் நிற்கிற தேரைக் கூட நாலு பேர் கூடி வடம் பிடித்தால் நகர்த்திவிடலாம். இது அப்படியில்லை. வெள்ளரிப்பிஞ்சும் மாங்காய்ப் பத்தையும் அடுக்கிய தள்ளுவண்டியோடு சரசக்கா வருகிறார்.

சரசக்கா: வெள்ளரிப்பிஞ்சு வேணுமா கண்ணு?

மயில்சாமி: போன தடவை கேட்டபோதே வேண்டாம்னு சொன்னேனுங்களே அக்கா.

சரசக்கா: அது எட்டரை மணிக்கு. இப்போது பத்தேகால். மனசு மாறியிருக்குமோ என்று பார்த்தேன்.

மயில்சாமி: மனசெல்லாம் எப்போதோ மாறிவிட்டது. மரம்தான் மாறவில்லை. அதே வேப்பமரம். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் எனக்கு ரேஷன் கார்டே இந்த மரத்தடி விலாசத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். சரி, ஒரு கட்டு கொடுங்க. மிளகாய்ப்பொடி தூக்கலாக.

சரசக்கா: எங்கே கல்யாணம்?

மயில்சாமி: பவானிப் பாலம் தாண்டினதும் மண்டபம். இங்கிருந்து நடந்தால் இருபது நிமிஷம். அதுதானுங்க வயிற்றெரிச்சல். பத்தரைக்கு மேல் முகூர்த்தம், முடிந்ததும் பந்தி. சமையல்காரர் ஏழு தடவை போன் பண்ணிவிட்டார். முதல் தடவை 'வாங்க தம்பி' என்றார், இரண்டாவது தடவை 'வாப்பா' என்றார். ஏழாவது தடவை சொன்னதை உங்களிடம் சொல்ல முடியாது.

சரசக்கா: இலை வாடாதா?

மயில்சாமி: தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருக்கிறேன். நான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர். பைபாஸ் ஒன்று இருந்திருந்தால் ஊட்டிக்குப் போகிறவர்கள் ஊருக்குள் வராமலே போயிருப்பார்கள், நானும் காலாகாலத்தில் இலையை இறக்கிவிட்டு இந்நேரம் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

சரசக்கா: பைபாஸா? என்னிடமா பேசுகிறாய்? நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த வருஷம் என் மாமனார் 'பைபாஸ் வரப்போகுது' என்று கடன் வாங்கி ஐந்து சென்ட் இடம் வாங்கினார். அவர் போய்ச் சேர்ந்தார். அதே இடத்தை என் பெரியவன் 'பைபாஸ் வரப்போகுது' என்று சொல்லியே விற்றான். வாங்கினவன் இப்போது விற்கப் பார்க்கிறான். என்ன சொல்லி விற்கிறான் தெரியுமா?

மயில்சாமி: தெரியுதுங்க.

சரசக்கா: ரோடு வராவிட்டாலும் அந்த ரோட்டை வைத்து மூன்று தலைமுறை பிழைத்துவிட்டது.

மயில்சாமி: தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்களே அக்கா, கூச்சமே இருக்காதா?

சரசக்கா: சொல்கிறவர் வேனும் இங்கேதான் மாட்டும். போன தடவை ஒருத்தர் மைக்கில் 'வெற்றி பெற்றதும் முதல் வேலையாகப் புறவழிச்சாலை' என்று ஆரம்பித்தார். வேன் நகரவில்லை. ஒரே இடத்தில் நின்று அதையே நாற்பது தடவை சொன்னார். கடைசியில் தொண்டை கட்டி என்னிடம் மாங்காய் வாங்கினார்.

மயில்சாமி: தொண்டை கட்டினதற்கு மாங்காயா?

சரசக்கா: நான் என்ன பனங்கற்கண்டா விற்கிறேன்? அப்புறம் ரோட்டுக்கு இடம் பார்க்க என்று ஒரு ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். அதோ, அந்த டீக்கடைக்கு நேரே மாட்டினார்கள். மாலை வரை நின்றார்கள். வழி கிடைத்ததும் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். பைபாஸ் வர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர பைபாஸ் இல்லையாம்.

(முன்னால் நிற்கிற கார் ஒரு முழம் நகர்கிறது. பின்னால் உள்ள அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கிறது. மயில்சாமி வண்டியைக் கிளப்பி, ஒரு முழம் நகர்த்தி, அணைக்கிறார்.)

மயில்சாமி: அப்பாடா, மரம் பின்னால் போய்விட்டது.

சரசக்கா: கிளை இன்னும் மேலேதான் இருக்கு.

மயில்சாமி: 2024 மே மாதம் கோர்ட் உத்தரவு போட்டு ஊட்டிக்கு இ-பாஸ் கொண்டுவந்தபோது நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். கூட்டம் குறையும் என்று நினைத்தேன்.

சரசக்கா: பாஸ் மலைக்குத்தானே கேட்கிறார்கள்? இங்கே நிற்பதற்கு யார் கேட்கிறார்கள்? நாம் கேட்டது பைபாஸ், வந்தது இ-பாஸ். பாதி கொடுத்திருக்கிறார்கள், மீதியும் வரும்.

மயில்சாமி: சீசனுக்கு ஏறுகிற வண்டி குன்னூர் வழி, இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி என்று பிரித்தும் விடுகிறார்கள். எப்படிப் பிரித்தால் என்ன, இரண்டும் நம் தலையில்தான் வந்து இறங்குகிறது. வெள்ளைக்காரன் இருந்திருந்தால் இப்படியா? அந்த மலையில் பல்சக்கரம் வைத்து ரயிலையே ஏற்றிவிட்டானே!

சரசக்கா: அதைச் சொல்லாதே. ரயில் பைத்தியம் ஒருத்தர் மூன்று மணி நேரம் இங்கே மாட்டிக்கொண்டு எனக்குப் பாடமே எடுத்தார். ரயில் விடலாம் என்று 1854-லேயே பேச ஆரம்பித்தார்களாம். வேலை தொடங்கினது 1891-ல். குன்னூருக்கு வண்டி போனது 1899. ஊட்டிக்கு 1908. மொத்தம் 46 கிலோமீட்டர். கூட்டிப் பார், ஐம்பத்து நாலு வருஷம்.

மயில்சாமி: அப்போ வெள்ளைக்காரனும் நம் ஆள்தானா!

சரசக்கா: கேரளா கார் ஒன்று நின்றது. கொல்லத்துக்காரர். நான் எங்கள் பைபாஸ் கதையைச் சொல்லி அழுதால் அவர் சிரிக்கிறார். அவர் ஊரில் 1972-ல் திட்டம் போட்டு, 2019 ஜனவரியில் திறந்தார்களாம். பதின்மூன்று கிலோமீட்டர். 'சேச்சி, நீங்களெல்லாம் இப்போதுதான் வரிசையில் வந்து நிற்கிறீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போனார். போனார் என்றால் எங்கே போனார், நாலடி தள்ளி நின்றார்.

மயில்சாமி: அது யாருங்க அக்கா, அந்த மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டிருக்கிறானே ஒரு பையன்?

சரசக்கா: வண்டி எண்ணுகிற பையன். ரோட்டில் எத்தனை வண்டி போகிறது என்று கணக்கெடுத்துக் கொடுத்தால்தான் பைபாஸ் வேண்டுமா வேண்டாமா என்று மேலே முடிவு பண்ணுவார்களாம்.

மயில்சாமி: ஆகா! இன்றைக்கு வந்தானே, நல்ல நாள். எவ்வளவு வந்திருக்காம்?

சரசக்கா: அங்கேதான் வினை. அவனைக் கடந்து போகிற வண்டியைத்தான் அவன் எண்ணணும். காலையிலிருந்து எது கடந்தது? போன ஒரு மணி நேரத்தில் பதினோரு வண்டி. அதில் நாலு சைக்கிள்.

மயில்சாமி: அய்யோ! மணிக்குப் பதினோரு வண்டி போகிற ரோட்டுக்கு எதற்குப் பைபாஸ் என்று எழுதிவிடுவார்களே!

சரசக்கா: அதைத்தான் நானும் அவனிடம் சொன்னேன். 'நிற்கிற வண்டியை எழுத என் காகிதத்தில் கட்டம் இல்லைங்க' என்கிறான். பாவம், நல்ல பையன். அவன் கணக்கே வேறு மாதிரி. எல்லாவற்றையும் காராக மாற்றிவிடுவானாம். கார் ஒன்று. பைக் அரை. சைக்கிளும் அரை. பஸ், லாரி மூன்று கார்.

மயில்சாமி: என் வண்டி?

சரசக்கா: ஒன்றரை.

மயில்சாமி: பரவாயில்லையே, காரை விட அரை கூட. உங்கள் தள்ளுவண்டி கணக்கிலேயே வராதுங்க, இல்லையா?

சரசக்கா: மூன்று.

மயில்சாமி: என்ன மூன்று?

சரசக்கா: மூன்று கார். என் தள்ளுவண்டியும் பஸ்ஸும் ஒன்று.

மயில்சாமி: இது அநியாயம் அக்கா! நான் இன்சூரன்ஸ் கட்டுகிறேன், எஃப்.சி. காட்டுகிறேன், டீசல் போடுகிறேன், நான் ஒன்றரை. நாலு சைக்கிள் சக்கரமும் ஒரு பலகையும் மூன்றா?

சரசக்கா: மெதுவாகப் போய் ரோட்டை அடைக்கிற வண்டிக்கு மதிப்பு அதிகமாம். மாட்டுவண்டி எட்டு.

மயில்சாமி: மெதுவாகப் போனால் மதிப்பு அதிகமா? அப்படியென்றால் நம் பைபாஸ் ஃபைலுக்கு என்ன மதிப்பு இருக்கும்!

சரசக்கா: சிரிக்காதே. விஷயம் புரிந்ததும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? காலையிலிருந்து அவனுக்கு முன்னால் போய்ப் போய் வருகிறேன். நீ நினைத்தாய், நான் வெள்ளரிக்காய் விற்க வருகிறேன் என்று. இது இருபத்தாறாவது நடை. மூன்று இருபத்தாறு எழுபத்தெட்டு கார்.

மயில்சாமி: அக்கா! ஜாம் இருந்தால்தானே உங்களுக்கு வியாபாரம்? பைபாஸ் வந்தால் யாரிடம் விற்பீர்கள்?

சரசக்கா: பைபாஸ் வந்தால் பைபாஸில் ஜாம் ஆகாதா என்ன? இடம் பார்த்து வைத்துவிட்டேன். நல்ல புளியமர நிழல்.

(மயில்சாமியின் போன் அடிக்கிறது. எடுத்து, காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கேட்கிறார். பிறகு மெல்ல அருகில் கொண்டுபோகிறார். முகம் மாறுகிறது.)

மயில்சாமி: சமையல்காரர்தான். 'அவசரமில்லை தம்பி, நிதானமாக வா' என்கிறார்.

சரசக்கா: ஏனாம், தட்டு வாங்கிவிட்டார்களா?

மயில்சாமி: மாப்பிள்ளையே வரவில்லையாம். கோயமுத்தூர்தானே, முப்பத்தைந்து கிலோமீட்டர்தானே என்று முந்தின நாள் வராமல் விடியக் கிளம்பியிருக்கிறார்கள். கல்யாணச் சடங்கு நடத்துகிற அருமைக்காரர் சீர் செய்யத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். பெண்ணுடைய அப்பா பேசுவதை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகிறதாம்.

சரசக்கா: பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, ஒல்லியாக ஒரு பையனா?

மயில்சாமி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

சரசக்கா: உனக்குப் பின்னால் ஆறாவது வண்டி, வெள்ளை வேன். இரண்டு தடவை மாங்காய் வாங்கினான். வேட்டியில் கறை படும் என்று மிளகாய்ப்பொடி வேண்டாம் என்றான். கல்யாணத்தன்றைக்கே இவ்வளவு பயந்த பையன், பிழைத்துக்கொள்வான்.

மயில்சாமி: அக்கா, உங்கள் தள்ளுவண்டி இந்தச் சந்திலெல்லாம் நுழைந்து போகுமா?

சரசக்கா: இருபத்தாறு நடை எப்படிப் போனேன் என்று நினைத்தாய்?

மயில்சாமி: காயை எடுத்து என் வண்டியில் வையுங்கள். என் மச்சான் கிளீனராக வந்திருக்கிறான், வண்டியை அவன் பார்த்துக்கொள்வான். இலைக்கட்டு கீழே, மாப்பிள்ளை மேலே. நான் தள்ளுகிறேன், நீங்கள் முன்னால் வழி விலக்குங்கள்.

(கால் மணி நேரத்தில், கட்டிய இலைகளின் மேல் சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை தள்ளுவண்டியில் வருகிறார். நிற்கிற கார்களிலிருந்து எல்லோரும் செல்போனை நீட்டுகிறார்கள். வேப்பமரத்தடிப் பையன் நிமிர்ந்து பார்க்கிறான், பென்சிலை வாயிலிருந்து எடுக்கிறான், குனிந்து ஒரு கோடு கிழிக்கிறான்.)

மயில்சாமி: அக்கா, நிற்காதீங்க, முகூர்த்தம் போய்விடும்! அங்கே என்ன எட்டிப் பார்க்கிறீர்கள்?

சரசக்கா: இருப்பா, ஒரு நிமிஷம். தம்பி, 'பாதசாரி' கட்டத்திலா போட்டாய்? அழி, அழி! தள்ளுவண்டியில் போடு!