தேங்காய் எண்ணெய் குடித்தால் மறதி நோய் வராதா?

"வெறும் வயிற்றில் தினமும் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடித்தால் அல்சைமர் அண்டாது, மறதிக்குக் காரணமே பிரஷர் மாத்திரைதான், அதை நிறுத்துங்கள்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் குடும்பக் குழுக்களில் சுற்றி வருகிறது. இதன் இரு பகுதிகளும் தவறு. இரண்டாவது பகுதி உயிருக்கே ஆபத்தானது.

மறதி நோயில் பரவலாகக் காணப்படும் வகையான அல்சைமரை எண்ணெய் தடுக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதால், அதைத் தினமும் குடிப்பது எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பை உயர்த்தக்கூடும். நடுவயதில் உயரும் அந்தக் கொழுப்பையே லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை மறதி நோய்க்கான காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. முதுமையையும் மரபணுவையும் நம்மால் மாற்ற இயலாது என்பதால், எந்தப் பழக்கமும் முழு உத்தரவாதம் தராது.

கட்டுப்படாத ரத்த அழுத்தம் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. மாத்திரையைத் தாமாக நிறுத்துவோருக்குப் பக்கவாதம் வரக்கூடும்.

அந்த 14 காரணிகளுள் நாம் பெரிதாக எண்ணாத ஒன்று காது கேளாமை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் தாத்தா, கல்யாண வீட்டுப் பேச்சு பிடிபடாமல் மெல்ல ஓரமாக ஒதுங்கிவிடுகிறார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அவரைக் காது பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; தேவையெனில் காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுங்கள். பீடியை விடச் சொல்லுங்கள். மாலையில் அவரோடு பேசிக்கொண்டே சற்று நடந்துவிட்டு வாருங்கள்.